சிங்கிள் மால்ட்: அவரவர் நாக்கு, அவரவர் அளவு

நம் சங்க இதழுக்கு எழுதச் சொல்லி நண்பர்கள் கேட்கும்போதெல்லாம் ரயில் பெட்டி விளக்கு, பேட்டரி, மின்விசிறி என்று எதையாவது எழுதிக் கொடுத்துக் காலம் தள்ளி வந்தேன். இந்த முறை விஸ்கியைப் பற்றி எழுதுகிறேன் என்றதும் ஒரு நண்பர், "கள்ளுண்ணாமை என்று ஒரு அதிகாரமே எழுதிய வள்ளுவர் அல்சூர் ஏரிக்கரையில் உட்கார்ந்திருக்கிறார், ஞாபகம் இருக்கட்டும்" என்றார். ஞாபகம் இருக்கிறது. அதியமான் தனக்குக் கள் கொடுத்ததை அவன் இறந்த பின் நினைத்து அழுத ஔவையாரும் புறநானூற்றில் இருக்கிறார் என்று பதில் சொன்னேன். இரண்டு பேருமே நம்மவர்கள். இரண்டு பேர் சொன்னதையும் மனதில் வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன்.

குடிக்காதவர்களைக் குடிக்க வைப்பது என் நோக்கம் அல்ல. குடிப்பவர்கள் எதைக் குடிக்கிறோம் என்று தெரிந்து, கொஞ்சமாக, தன் நாக்குக்குப் பிடித்ததைக் குடிக்கட்டும் என்பதுதான்.

எங்கள் வீட்டில் நான் முதலில் பார்த்த ஸ்காட்ச் பாட்டிலில் நல்லெண்ணெய் இருந்தது. வெள்ளைக்கார துரைகள் இருந்த காலத்தில் தாத்தா கோலார் தங்கவயல் க்ளப்பில் பட்லராக இருந்தார். அவர் கொண்டுவந்த காலி பாட்டில்கள் எங்கள் லைன் வீட்டில் எண்ணெய்க்கும் மண்ணெண்ணெய்க்கும் பயன்பட்டன. உள்ளே இருந்தது எங்கள் வீட்டுப் படி ஏறியதே இல்லை. வீட்டுக்குள் வந்தது சாராயம்.

அப்பா சாம்பியன் ரீப் சுரங்கத்தில் வேலை பார்த்தார். உலகத்தின் மிக ஆழமான சுரங்கங்களில் ஒன்று அது. 10,000 அடிக்கும் மேல் ஆழம். கீழே பாறையே கொதிக்கும். ஷிப்ட் முடிந்து மேலே வருகிறவர் கால் நேராகச் சாராயக் கடைக்குப் போகும். சம்பள நாளில் அம்மா எங்களைக் கூட்டிக்கொண்டு கடைக்கு முன்னாலேயே போய் நிற்பார். பணம் அந்தப் பக்கம் போவதற்குள் கையில் வாங்கிவிட வேண்டும். சில மாதம் அம்மா ஜெயிப்பார், சில மாதம் கடை ஜெயிக்கும். 1981ல், எனக்கு 22 வயது இருக்கும்போது அப்பா போய்விட்டார். பாதி சிலிகோசிஸ், பாதி சாராயம். அன்று அம்மாவிடம், "நான் தொடவே மாட்டேன்" என்று சொன்னேன். முப்பது வருஷம் தொடவும் இல்லை.

இனி விஷயத்துக்கு வருகிறேன். அந்தச் சத்தியம் என்ன ஆயிற்று என்பதையும் சொல்கிறேன்.

சிங்கிள் மால்ட் என்றால் என்ன?

நம் கோலார் பக்கத்துக்காரர்களுக்கு இதைச் சொல்வது எளிது. கேழ்வரகை ஊறவைத்து, துணியில் கட்டி முளைகட்டி, காயவைத்து, வறுத்து மாவாக்கிக் குழந்தைக்குக் கஞ்சி காய்ச்சுகிறோம் அல்லவா? அதற்குப் பெயர் ராகி மால்ட். முளைவிட்ட தானியம் லேசாக இனிக்கும். தானியத்துக்குள் இருக்கும் மாவுச்சத்தைச் சர்க்கரையாக மாற்றும் என்சைம்கள் முளைவிடும்போது கிளம்புகின்றன. ராகிக்குப் பதில் பார்லியை வைத்து இதையே செய்தால் அதுதான் விஸ்கிக்காரர்கள் சொல்லும் மால்ட்.

அந்த மால்ட்டை அரைத்து வெந்நீரில் ஊறவைத்தால் இனிப்புத் தண்ணீர் இறங்கும். அதில் ஈஸ்ட் சேர்த்து இரண்டு மூன்று நாள் புளிக்கவிட்டால் பீர் மாதிரி ஒரு திரவம் கிடைக்கும். சுமார் 8 சதவீதம் ஆல்கஹால். இதைச் செம்புக் கொப்பரையில் காய்ச்சி வடிக்க வேண்டும்.

வடிப்பது எனக்குப் பழகின வேலை. ரயில்வேயில் என் பிரிவு ட்ரெயின் லைட்டிங். பெட்டிக்கு அடியில் இருக்கும் பேட்டரிகளுக்கு டிஸ்டில்டு வாட்டர் ஊற்றுவது எங்கள் அன்றாட வேலை. அதில் நமக்கு வேண்டியது சுத்தமான தண்ணீர். தண்ணீரை ஆவியாக்கிக் குளிரவைத்துப் பிடிக்கிறோம், உப்பெல்லாம் கீழே நின்றுவிடுகிறது. விஸ்கியில் நமக்கு வேண்டியது ஆல்கஹால். அது 78 டிகிரியில் கொதிக்கும், தண்ணீர் 100 டிகிரியில். அதனால் ஆல்கஹால் முந்திக்கொண்டு ஆவியாகிறது. முதல் வடிப்பில் இருபது சதவீதத்துக்குச் சற்று மேலே வரும், இரண்டாவது வடிப்பில் எழுபது வரை போகும். இரண்டாவது வடிப்பில் முதலில் வருவதையும் கடைசியில் வருவதையும் ஒதுக்கிவிட்டு நடுவில் வருவதை மட்டும் எடுப்பார்கள். எங்கே வெட்டுவது என்பதில்தான் வடிப்பவரின் அனுபவம் இருக்கிறது. செம்பு அழகுக்காக அல்ல; கந்தக நாற்றத்தை அது இழுத்துக்கொள்ளும்.

இப்படி முளைகட்டிய பார்லியை மட்டும் வைத்து, ஒரே வடிசாலையில், கொப்பரையில் வடித்து, ஓக் மரப் பீப்பாயில் ஊறவைத்தது சிங்கிள் மால்ட். 'சிங்கிள்' என்பது ஒரே வடிசாலை என்பதைக் குறிக்கிறது. ஒரே பீப்பாய் என்று அர்த்தம் இல்லை. ஸ்காட்லாந்துச் சட்டப்படி குறைந்தது 3 வருஷம் பீப்பாயில் இருக்க வேண்டும், பாட்டிலில் 40 சதவீதத்துக்குக் குறையக்கூடாது. நம் ஊரில் விஸ்கி என்று விற்பதில் பெரும்பகுதி கரும்பாலைக் கழிவுப்பாகில் வடித்த ஆல்கஹாலோடு கொஞ்சம் மால்ட் சேர்த்தது. ஐரோப்பாவில் அதை விஸ்கி என்ற பெயரில் விற்க முடியாது.

பெங்களூர் வெயிலும் தேவதைகளும்

வடித்து எடுத்தது தண்ணீர் மாதிரி நிறமற்று இருக்கும். நிறமும் மணத்தில் பெரும்பகுதியும் பீப்பாய் கொடுப்பவை. அமெரிக்க பூர்பன் விஸ்கி இருந்த பீப்பாய் வெனிலா, தேங்காய் வாசனை தரும். ஷெர்ரி ஒயின் இருந்த பீப்பாய் உலர்ந்த திராட்சை, பேரீச்சை வாசனை தரும்.

மரம் மூச்சு விடும். உள்ளே இருப்பது வருஷா வருஷம் கொஞ்சம் ஆவியாகிப் போகும். இதை ஸ்காட்லாந்துக்காரர்கள் தேவதைகளின் பங்கு என்கிறார்கள். அங்கே குளிர், வருஷத்துக்கு சுமார் 2 சதவீதம் போகும். பெங்களூரில் 10 சதவீதத்துக்கும் மேல் போகும். கோடையில் பேட்டரிக்கு அடிக்கடி தண்ணீர் ஊற்ற வேண்டியிருப்பது எங்களுக்குத் தெரியும். பேட்டரிக்குப் போனதை ஊற்றி நிரப்பலாம். பீப்பாய்க்குப் போனது போனதுதான்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 200 லிட்டர் பீப்பாய். வருஷம் 10 சதவீதம் என்றால் முதல் வருஷ முடிவில் 180, பிறகு 162, 146, 131, ஐந்தாம் வருஷ முடிவில் 118 லிட்டர். அதே ஐந்து வருஷத்தில் ஸ்காட்லாந்தில் 181 லிட்டர் மிச்சம் இருக்கும். நமக்கு நஷ்டம் என்று தோன்றும். ஆனால் அதே சூடுதான் விஸ்கியை மரத்துக்குள் வேகமாகத் தள்ளி இழுத்துப் பழுக்க வைக்கிறது. அங்கே பத்து வருஷத்துக்கு மேல் எடுக்கும் பக்குவம் இங்கே நாலைந்து வருஷத்தில் வந்துவிடுகிறது. ஆகவே 12 வருஷம், 18 வருஷம் என்று லேபிளில் இருக்கும் எண்ணை வைத்து இந்திய மால்ட்டை எடை போடக்கூடாது. குளிர் நாட்டுக்கு எழுதிய கால அட்டவணை இங்கே செல்லாது.

இதை உலகத்துக்குக் காட்டியது நம் பெங்களூர்க் கம்பெனி. 1948ல் ராதாகிருஷ்ண ஜக்தலே தொடங்கிய அம்ருத் டிஸ்டிலரீஸ், மைசூர் ரோட்டில் கம்பிபுராவில் இருக்கிறது. அவர் மகன் நீலகண்ட ஜக்தலே காலத்தில், 2004 ஆகஸ்டில், அம்ருத் சிங்கிள் மால்ட்டை அவர்கள் முதலில் விற்பனைக்குக் கொண்டுவந்த இடம் எது தெரியுமா? ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரம்! திருநெல்வேலிக்கே போய் அல்வா விற்ற மாதிரி. முதலில் யாரும் மதிக்கவில்லை. பிறகு இந்திய பார்லியோடு ஸ்காட்லாந்தின் புகையூட்டிய பார்லியையும் கலந்து அவர்கள் செய்த 'ஃபியூஷன்' என்ற மால்ட்டுக்கு, ஜிம் மர்ரே என்ற விமர்சகர் தம் 2010ம் ஆண்டு விஸ்கி நூலில் 100க்கு 97 மதிப்பெண் கொடுத்து, உலகத்திலேயே மூன்றாவது சிறந்த விஸ்கி என்று எழுதினார். அதன்பின் கோவாவிலிருந்து பால் ஜான், ஹரியானாவிலிருந்து இந்த்ரி என்று வரிசையாக வந்துவிட்டன.

நான் தலையாட்டிய நாலு வருஷம்

2011ல் ஒரு மேலதிகாரியின் ஓய்வு விருந்து. எனக்கு 52 வயது. எல்லாரும் கையில் கிளாஸ் வைத்திருந்தார்கள். ஒரு நண்பர், "இது நீ நினைக்கிற சரக்கு இல்லை, மோந்தாவது பார்" என்று நீட்டினார். மோந்தேன். ஒரு வாய் குடித்தும் விட்டேன். முப்பது வருஷச் சத்தியம் ஒரு வாயில் போயிற்று. அதைப் பெருமையாக எழுதவில்லை.

அந்த வட்டத்தில் எல்லாருக்கும் பிடித்தது ஸ்காட்லாந்தின் ஐலா தீவு விஸ்கி. நல்ல புகை வாசனை. சதுப்பு நிலத்தில் பாதி மக்கிய செடி கொடிகளை வெட்டிக் காயவைத்த பீட் என்ற எரிபொருளின் புகையில் பார்லியை உலர்த்துவதால் வரும் மணம் அது. (நம் நீலகிரிச் சதுப்புகளிலும் பீட் உண்டு.) விலையும் அதிகம். "ஆகா, என்ன புகை!" என்று அவர்கள் சொல்ல, நானும் தலையாட்டினேன். நாலு வருஷம் தலையாட்டினேன். பணம் கொடுத்து ஒரு பாட்டில் வாங்கியும் வைத்தேன். குடிக்கும்போது மட்டும் நெஞ்சுக்குள் ஏதோ அடைக்கும்.

என் மனைவி ஒரு சொட்டு தொட்டதில்லை. ஆனால் மூக்கு கூர்மை. மூடின டப்பாவுக்குள் பலா எத்தனை நாள் பழம் என்று சொல்வாள். ஒரு சனிக்கிழமை என் கிளாஸை மோந்து பார்த்துவிட்டு, "ஏங்க, ஆஸ்பத்திரி வார்டு கழுவின மாதிரி இருக்கு, இதையா குடிக்கிறீங்க?" என்றாள்.

அப்போதுதான் உறைத்தது. அப்பா கடைசியாகப் படுத்திருந்த வார்டின் வாசனை அது. ஆஸ்பத்திரித் தரையைக் கழுவும் கார்பாலிக் என்பது பீனால். பீட் புகை பார்லியில் ஏற்றுவதும் பீனால் வகைப் பொருள்கள்தான். மூக்கு பொய் சொல்லவில்லை; நான்தான் கேட்கவில்லை.

அதே விஸ்கியை உயிராக நினைக்கும் ஜோலார்பேட்டை நண்பர் ஒருவர் இருக்கிறார். அவர் அப்பா நீராவி என்ஜின் டிரைவர். புகை வாசனை என்றால் அவருக்கு அப்பா வீட்டுக்கு வந்துவிட்டார் என்று அர்த்தம். ஒரே பாட்டில், ஒருவருக்கு அப்பா வருகிறார், இன்னொருவருக்கு அப்பா போகிறார். இதில் யார் ரசனை சரி என்று எந்த விமர்சகர் மதிப்பெண் போட முடியும்?

பிறகு ஒரு சோதனை செய்தேன். மனைவி மூன்று கண்ணாடி டம்ளரின் அடியில் பிளாஸ்திரி ஒட்டி எண் எழுதி, ஆளுக்கு 10 மில்லி ஊற்றி வைத்தாள். ஒன்று அந்த விலை உயர்ந்த புகை விஸ்கி. ஒன்று புகையூட்டாத பெங்களூர் மால்ட். ஒன்று சாதாரண விஸ்கி. எது எதில் என்று எனக்குத் தெரியாது. மூன்று சனிக்கிழமை செய்தோம். மூன்று முறையும் பெங்களூர் மால்ட் முதலில் வந்தது. புகை விஸ்கி இரண்டு முறை கடைசி. நான் அதிகம் புகழ்ந்ததும் அதிகம் செலவழித்ததும் அதற்குத்தான்!

உங்களுக்கும் இதையே சொல்கிறேன். லேபிளை மறைத்துவிட்டுக் குடித்துப் பாருங்கள். வாய் குறுகிய கண்ணாடிக் கிளாஸ் நல்லது, வாசனை சிதறாது. முதலில் மூக்கு, வாயை லேசாகத் திறந்து வைத்துக்கொண்டு. இல்லையென்றால் ஆல்கஹால் நெடி ஏறும். பிறகு ஒரு சிறு வாய், நாக்கில் ஒரு நிமிஷம். பிறகு சில சொட்டுத் தண்ணீர் விட்டு மறுபடி மோந்து பாருங்கள். மூடியிருந்த வாசனை திறக்கும். ஐஸ் போட்டால் வாசனை அமுங்கும். பிடித்தால் போடுங்கள், தப்பில்லை. தோன்றியதை ஒரு நோட்டில் எழுதுங்கள். புத்தகத்தில் வரும் பழங்களின் பெயர் வேண்டாம். வெல்லப்பாகு, கடலை மிட்டாய், நெல் அவித்த வாசனை என்று நமக்குத் தெரிந்ததை எழுதினால் போதும்.

சேர்ப்பதா, திறப்பதா?

2023 நவம்பரில் லண்டன் ஏலத்தில், 1926ல் வடித்த மெக்காலன் பாட்டில் ஒன்று சுமார் 21 லட்சம் பவுண்டுக்குப் போனது. இதைப் படித்துவிட்டுச் சிலர் தங்கம் வாங்குவது போல விஸ்கி வாங்குகிறார்கள். தங்கவயலில் பிறந்தவன் சொல்கிறேன், அது வேறு, இது வேறு. பீப்பாயிலிருந்து பாட்டிலுக்கு வந்த பிறகு விஸ்கிக்கு வயது ஏறாது. பத்து வருஷம் அலமாரியில் வைத்த 12 வருஷ விஸ்கி 12 வருஷ விஸ்கிதான். விலை ஏறுமா இறங்குமா என்பது சந்தையின் கையில். தவிர, வீட்டில் எவ்வளவு வைக்கலாம் என்று கலால் சட்டம் அளவு வைத்திருக்கிறது. மாநிலத்துக்கு மாநிலம் அது மாறும். விசாரித்துக்கொள்ளுங்கள்.

என் சேகரிப்பு மூன்று பாட்டில். தினம் குடிக்க எடுப்பது போன்ற எளிய ருசி ஒன்று, ஷெர்ரிப் பீப்பாய் ஒன்று, இதுவரை தெரியாதது ஒன்று. ஒன்று தீர்ந்தால்தான் அடுத்தது வாங்குவேன். மூன்றுமே திறந்தவை. திறக்காத பாட்டிலில் எனக்குப் பிடித்தது எது என்று எப்படித் தெரியும்? பாட்டிலை நிற்க வைத்தே வையுங்கள். படுக்க வைத்தால் கார்க்கை விஸ்கி அரித்துவிடும். வெயில் படக்கூடாது. மூன்றில் ஒரு பங்குக்குக் கீழே இறங்கினால் உள்ளே காற்று அதிகம், ருசி மெல்ல மங்கும். சின்ன பாட்டிலுக்கு மாற்றுங்கள் அல்லது நண்பரைக் கூப்பிடுங்கள். காலியான பாட்டிலின் லேபிளைக் கிழித்துவிட்டுப் போடுங்கள். போலிச் சரக்கு நிரப்புகிறவர்களுக்குக் காலி பாட்டில்தான் மூலதனம்.

அளவு

அம்மா எங்களோடுதான் இருந்தார். முதல் முறை வீட்டில் கிளாஸைப் பார்த்த அன்று ஒன்றும் பேசவில்லை. அந்த வாரம் முழுவதும் என் கையால் ஒரு டம்ளர் தண்ணீர்கூட வாங்கிக்கொள்ளவில்லை. நான் அடுத்த சனிக்கிழமை கிளாஸை எடுக்கவில்லை. அதற்கடுத்த சனிக்கிழமை அவரே வந்து எதிரில் உட்கார்ந்து, "எடு, எப்படிக் குடிக்கிறேன்னு பாக்கறேன்" என்றார். நடுங்கிக்கொண்டே ஊற்றினேன். மோந்தேன், தண்ணீர் விட்டேன், அரை மணி நேரம் ஆயிற்று. கடைசியில் அம்மா சொன்னார்: "உங்க அப்பா ஒரு நாளும் மோந்து பாத்துக் குடிச்சதில்லடா. மூக்கைப் புடிச்சிக்கிட்டுத்தான் குடிப்பாரு." கொஞ்சம் பொறுத்து, "ஒண்ணு. ரெண்டாவது ஊத்தின அன்னிக்கு நான் உன் தங்கச்சி வீட்டுக்குப் போயிடுவேன்" என்று எழுந்து போய்விட்டார்.

ஒன்று என்றால் 30 மில்லி. வாரத்துக்கு ஒரு நாள். 750 மில்லி பாட்டில் 25 வாரம் வரும். சுரங்கத்தின் சூட்டிலிருந்து வருகிறவருக்கு மோந்து பார்க்க நேரமும் இல்லை, கடையில் விற்றதில் மோந்து பார்க்க ஒன்றும் இல்லை. கர்நாடகத்தில் சாராயம் 2007ல் தடை செய்யப்பட்டது; எங்கள் வீட்டுக்கு அது 26 வருஷம் தாமதம். அப்பாவைவிட நான் நல்லவன் என்று நினைத்துக்கொள்வதற்கு எனக்கு வழி இல்லை. எனக்கு வாய்த்தது நல்ல வேலை, நிழல், பென்ஷன்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். உடம்புக்குக் கெடுதல் செய்யாத மது அளவு என்று ஒன்று கிடையாது என்று உலக சுகாதார நிறுவனம் 2023ல் தெளிவாகச் சொல்லிவிட்டது. அளவாகக் குடித்தால் இதயத்துக்கு நல்லது என்ற பழைய பேச்சை நம்பிக் குடிக்காதீர்கள். சர்க்கரைக்கோ ரத்த அழுத்தத்துக்கோ மாத்திரை சாப்பிடுபவர்கள் டாக்டரிடம் மறைக்காமல் கேளுங்கள். ஒன்றில் நிறுத்த முடியாதவர்கள், ஒன்றே வேண்டாம். வீட்டில் ஒருவர் அதனால் அழுகிறார் என்றால் அது எந்த நாட்டு மால்ட்டாக இருந்தாலும் சாராயம்தான்.

ஓய்வு பெற்ற பிறகு பேத்தமங்களாவில் ஏரிக்குப் பக்கமாகச் சின்னதாக வீடு கட்டிக்கொண்டு வந்துவிட்டேன். பாலாற்றைத் தேக்கிய இந்த ஏரியின் தண்ணீர்தான் தங்கவயல் முழுவதற்கும் குடிநீராகக் குழாயில் போனது. லைனில் எங்கள் வீட்டுப் பானையில் இருந்ததும் அதுதான். அம்மா 2018ல் போய்விட்டார். மிரட்ட ஆள் இல்லை. ஆனாலும் இரண்டாவது ஊற்றியதில்லை. சனிக்கிழமை மாலை மனைவி கிளாஸை மோந்து பார்த்து, "இன்னிக்கு வெல்லம்" என்பாள், அல்லது "இன்னிக்குக் காஞ்ச திராட்சை" என்பாள். நான் நோட்டில் எழுதிக்கொள்வேன்.

வாசக அன்பர்களே, உங்கள் வீட்டில் யாராவது குடிக்கிறவர் இருந்தால், ஒரு நாள் மோந்து பார்த்துக் குடிக்கச் சொல்லுங்கள். எதைக் குடிக்கிறோம் என்று அவர் ஒரு நிமிஷம் யோசித்தால் அதுவே பெரிய காரியம்.